படலையில் நின்று கூப்பிடுதல் குற்றமாகுமா?

(கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர்)

எமது கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியப் பொருள் ஒன்றைப் பற்றியே எழுதுவோம் என்று அவர்கள் எண்ணியிருத்தல் இயல்பே. ஆயினும் இம்முறை நாம் எழுதப் புகுவது கணினியைப் பற்றியதாகும். அதிலும், வலையமைப்பிலுள்ள ஒரு கணினியின் துறைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் சிறிய செய்நிரல் ஒன்றைப் பற்றியதாகும். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரமொன்றைத் தவிர எம்மிடம் வேறு பட்டமில்லை. அதுவும் தமிழ் கற்பித்தற்கெனப் பெற்றது. அங்ஙனமாக, இப்பொருளில் நாம் தலையிடுவானேன் என்று சிலர் வினவலாம். மாணவன் ஒருவனுக்கு நாம் இழைத்த தவறொன்றே எம்மைத் தலையிடச் செய்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கல்லூரிக் கணினிக் கூடத்தில் இருந்து, எமது வலையமைப்பிலுள்ள பொறிகளையெல்லாம் அத்தகைய செய்நிரல் ஒன்றினால் தட்டிப் பார்த்தான். ஒருவரிடமும் அவன் அனுமதி பெறவில்லை. செய்தி வெளிப்பட்டது. 'களவுக்கு வழி பார்த்தான்' என்னும் குற்றச்சாட்டுடன் அவன் ஒழுக்காற்றுக் குழுவின் முன் நிறுத்தப்பட்டான். வகுப்பாசிரியர் என்ற முறையில் நாமும் அக்குழுவில் அமர்ந்திருந்தோம். "சேர், நான் ஒரு கதவையும் திறக்கவில்லை, எது திறந்திருக்கிறது என்று மட்டுமே பார்த்தேன்" என்றான் அவன். அவன் கூறியது எமக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சபையிற் கூற நாணினோம். ஒரு தவணை முழுவதும் அவன் கணினிக் கூடத்தினுள் நுழையலாகாது என்ற தீர்ப்பில் எமது கையொப்பத்தையும் இட்டோம்.

இரு வாரங்கள் கழிந்தபின், 'நான் தானாகக் கற்ற ஒன்று' என்னும் தலைப்பில் வகுப்பினர் எழுதிய கட்டுரைகளைத் திருத்திக் கொண்டிருந்தோம். அவனுடைய கட்டுரை அச்செய்நிரலைப் பற்றியதாயிருந்தது. திருத்துதற்கு எடுத்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படித்தோம். குழுவின் முன் விளங்காதது, நல்ல தமிழில் எழுதப்பட்டபோது விளங்கிற்று. அடுத்த சனிக்கிழமை அவனை எம் வீட்டுக்கு அழைத்து, எமது மடிக்கணினியிலேயே அதனை எழுதிக் காட்டும்படி கேட்டோம். அன்று ஆசிரியன் அவன், மாணாக்கர் நாம்.

அவன் விளக்கியவாறே இங்கு கூறுவோம். இணையத்திலுள்ள ஒரு பொறியின் முகவரி ஒரு வீட்டின் முகவரி போன்றது. அவ்வீட்டுக்கு இலக்கமிட்ட வாயில்கள் பல உள. அவையே துறைகள் எனப்படுவன. துறையின் இலக்கம் 16 பிற்றுக்களாற் குறிக்கப்படுவதால் 0 முதல் 65,535 வரையான இலக்கங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் 0 முதல் 1,023 வரையுள்ளவை நன்கறியப்பட்ட சேவைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. இணையப் பக்கங்கள் 80ஆம் துறையிலும், மறைகுறியிட்ட இணையப் பக்கங்கள் 443ஆம் துறையிலும், மின்னஞ்சற் பரிமாற்றம் 25ஆம் துறையிலும் நிகழ்வது வழக்கம். இது வழக்கேயன்றி விதியன்று; 80ஆம் துறைக்குப் பின்னே வேறொரு சேவை இருப்பதற்குத் தடையேதும் இல்லை.

நம் ஊரில் ஒருவர் வீட்டுக்குச் செல்வோர் படலையில் நின்று கூப்பிடுவர். உள்ளிருப்போர் மறுமொழி தருவர். வந்தவர் அதனைக் கேட்டு உள்ளே செல்வர். ரீ.சீ.பி. என்னும் நடப்பொழுங்கின்படி இரு பொறிகள் தொடர்பு கொள்வதும் இவ்வாறே மூன்று படிகளில் நிகழ்கின்றது. ஒரு பொறி 'பேசலாமா?' என்று ஒரு பொதியை அனுப்புகின்றது; மற்றது 'பேசலாம், நீர் ஆயத்தமா?' என்று விடுக்கின்றது. முதலாவது 'ஆம்' என்கின்றது. இவ்வொழுங்கு 1981ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வெளியான ஆவணத்தில் வகுக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டிற் புதுக்கி எழுதப்பட்டது. கூப்பிடுவோனுக்குக் கிடைக்கக் கூடியன மூன்று. 'பேசலாம்' என்ற மறுமொழி வருமாயின் அத்துறை திறந்துள்ளது. 'இங்கு ஒருவரும் இல்லை' என்ற மறுப்பு வருமாயின் அது மூடியுள்ளது. ஒரு சத்தமும் இல்லையாயின், பெரும்பாலும் இடையிலுள்ள தீச்சுவர் எமது அழைப்பை விழுங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இனிச் செய்நிரலைப் பார்ப்போம். எமது நாட்டின் உயர்தரப் பாடத்திட்டத்திற் கற்பிக்கப்படும் பைதன் மொழியில் அது பத்து வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றது. முதலிற் சொக்கற் என்னும் நூலகம் அழைக்கப்படுகின்றது. சுவரிலுள்ள சொக்கற்றிற் பிளக்கைச் செருகினால் மின்சாரம் வருவது போல, ஒரு செய்நிரல் வலையமைப்போடு கொழுவிக்கொள்ளும் இடத்துக்கு அப்பெயர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தார் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பின் வழியே இம்முறை பரவிற்று. பின்னர், துறை இலக்கத்தை ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்லும் ஒரு சுழற்சி எழுதப்படுகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் புதிய சொக்கற் ஒன்று ஆக்கப்படுகின்றது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று அதற்குச் சொல்லப்படுகின்றது. குறித்த துறையுடன் இணையும்படி கட்டளையிடப்படுகின்றது. முடிவிற் சொக்கற் மூடப்படுகின்றது. 'கொனெக்ற்' என்னும் கட்டளை, இணைப்புத் தவறினாற் செய்நிரலையே இடைநிறுத்தும் வழுவை எழுப்பும். 'கொனெக்ற் ஈ.எக்ஸ்.' என்பதோ ஓர் எண்ணை மட்டும் தந்துவிட்டு அமைதியாக இருக்கும். அவ்வெண் பூச்சியமாயின் துறை திறந்துள்ளது என்பது பொருள். பரீட்சைத் தாளிற் பூச்சியத்தைத் தோல்வியின் அடையாளமாகவே கண்டு பழகிய எமக்கு, இங்கே அது வெற்றியைக் குறித்தது புதுமையாக இருந்தது.

காத்திருக்கும் நேரத்தை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டோம். மறுமொழி தராத துறை ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாடி காத்திருப்பின், 1,023 துறைகளுக்குப் பதினேழு நிமிடங்கள் செல்லும். 65,535 துறைகளுக்கும் பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். காத்திருக்கும் எல்லையைக் குறிக்காது விட்டால் ஒரு துறையிலேயே நெடுநேரம் நிற்க நேரும். மிகக் குறைத்தாலோ, தொலைவிலுள்ள பொறியின் மறுமொழி வந்து சேருமுன் நாம் அடுத்த படலைக்குப் போய்விடுவோம். அன்று அவன் தட்டியது 127.0.0.1 என்னும் முகவரியை. ஒரு பொறி தன்னையே அழைத்தற்குரிய முகவரி அது. மூடிய துறைகள் உடனுக்குடன் மறுத்துவிட்டமையாற் கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. எமது மடிக்கணினியில் நாம் அறியாத இரண்டு துறைகள் திறந்திருந்தன! அவற்றுள் ஒன்று, நாம் என்றோ ஒருநாள் நிறுவி மறந்துபோன மென்பொருளுக்குரியது.

அதன்பின் அவன் தயங்கித் தயங்கி ஒன்று கூறினான். கல்லூரி வலையமைப்பைத் தட்டிய நாளில், கண்காணிப்புக் கமராக்களின் பதிவுப் பெட்டியில் 23ஆம் துறை திறந்திருக்கக் கண்டானாம். "ஏன் குழுவிற் சொல்லவில்லை?" என்றோம். "சொன்னால் இன்னும் பெரிய தண்டனை கிடைக்கும் என்று பயந்தேன், சேர்" என்றான்.

23ஆம் துறை ரெல்நெற் என்னும் பழைய சேவைக்குரியது. அதன் வழியே செல்லும் கடவுச்சொல் மூடாத அஞ்சலட்டை போன்றது. இடையில் நிற்போர் படிக்கலாம். கெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் இவ்வாறு கடவுச்சொற்கள் களவாடப்பட்டமையினாலேயே, அங்கிருந்த ததூ யுலோனன் 1995ஆம் ஆண்டு மறைகுறியிட்ட மாற்று வழியொன்றை ஆக்கி, அதற்கு அடுத்துள்ள 22ஆம் இலக்கத்தைக் கேட்டுப் பெற்றார். எனினும் பழைய வாயில் எங்கும் அடைபடவில்லை. 2016ஆம் ஆண்டு மிராய் என்னும் தீச்செய்நிரல் உலகெங்குமுள்ள கமராக்கள், பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள் ஆகியவற்றின் 23ஆம், 2323ஆம் துறைகளைத் தட்டியது. திறந்திருந்தவற்றில், தொழிற்சாலையில் இட்டபடியே மாற்றப்படாதிருந்த கடவுச்சொற்களை முயன்று உட்புகுந்தது. அவ்வாண்டு ஒற்றோபர் 21ஆம் நாள், அவ்வாறு வயப்படுத்தப்பட்ட கருவிகளைக் கொண்டு டின் என்னும் நிறுவனம் தாக்கப்பட, பெயர்பெற்ற இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. எமது கல்லூரியின் பதிவுப் பெட்டியும் அத்தகைய கருவியே. நாம் அதிபரிடம் சென்று கூறிய பின்னரே அவ்வாயில் அடைக்கப்பட்டது. திறந்த கதவைக் கண்டவனைத் தண்டித்தோம். கதவையோ திறந்தபடியே விட்டிருந்தோம்.

எமது கருத்து இதுதான்: இவ்வித்தையை மாணவருக்கு மறைத்தல் தகாது, ஆசிரியர் முன்னிலையில், அதற்குரிய ஒழுக்கத்தோடு கற்பித்தலே தகும்.

இதற்கு எதிராகக் கூறப்படுவதையும் நேர்மையாக எடுத்துரைப்போம். மிராயை ஆக்கியோர் முதிர்ந்த கள்வர் அல்லர். இருபது வயதளவினரான மூன்று அமெரிக்க இளைஞர். அவருள் ஒருவர் தாம் கற்ற பல்கலைக்கழகத்தின் வலையமைப்பையே பலமுறை முடக்கியவர். ஆகவே, தட்டக் கற்றவன் ஒருநாள் உடைக்கவும் துணிவான் என்னும் அச்சம் வீணன்று. ஆயின், அவ்விளைஞர் தட்டும் வித்தையை எந்த வகுப்பறையிற் கற்றனர்? கோர்டன் லயன் என்பார் என்மப் என்னும் துறை தட்டும் கருவியை அதன் மூலநிரலுடன் 1997ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார். வித்தை ஊரறிந்தது. நாம் கற்பியாது விட்டால் மாணவன் அறியாதிருப்பான் என்பது வெறும் கனவு. அவன் அறியாது போவது ஒழுக்கத்தை மட்டுமே. 2018ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அம்மூவருக்கும் தீர்ப்பளித்த நீதிமன்றம் அவர்களைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணித்தியாலச் சமூக சேவையும் விதித்து, அவர்தம் அறிவைக் குற்றங்களைத் தடுக்கும் பணியிற் பயன்படுத்தச் செய்தது. பெருங்குற்றம் புரிந்தோர்க்கே அவ்வழி உண்டெனின், கேளாமற் படலையிற் கூப்பிட்ட சிறுவனுக்கு நாம் காட்டிய வழி போதுமானதா?

அம்மாணவனிடம் தவறேயில்லை என்று நாம் வாதிடவில்லை. பிறர் படலையிற் காரணமின்றி நின்று, ஆயிரம் முறை கூப்பிடுபவனை அயலார் ஐயுறுதல் முறையே. எமது நாட்டின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றிப் பிறர் கணினியினுட் புகுதலைக் குற்றமாக்கியுள்ளது. தட்டுதல் எங்கே முடிகின்றது, புகுதல் எங்கே தொடங்குகின்றது என்பதை நீதிமன்றத்தில் நின்று கற்பதிலும் வகுப்பறையில் இருந்து கற்பது நன்று.

ஆகவே மூன்று விதிகளை முன்வைக்கின்றோம். முதலாவது: தன் பொறியை அன்றி வேறெதனையும், உடையவரின் எழுத்து மூலமான அனுமதியின்றித் தட்டலாகாது. பயிற்சிக்குத் தன் பொறியே போதும். மேலும் வேண்டுவோர்க்கென என்மப் குழுவினர் பொறியொன்றைத் திறந்து வைத்து, நாளொன்றுக்குச் சில முறை தட்ட அனுமதித்துள்ளனர். இரண்டாவது: திறந்த துறையைக் கண்டவன் அதனுட் புகலாகாது. திறந்திருத்தல் தானே குறையன்று. இணையச் சேவையகத்தின் 443ஆம் துறை திறந்திராவிட்டாலே குறை. திறந்திருப்பது உடையவர் அறிந்து திறந்ததா என்பதே கேள்வி. மூன்றாவது: கண்டதைப் பொறுப்பானவரிடம் உடனே சொல்ல வேண்டும், அவ்வாறு சொல்பவனைக் கல்லூரி தண்டிக்கலாகாது. இம்மூன்றாம் விதி மாணவருக்கன்று, எமக்கு. அது இல்லாதவிடத்து முன்னிரண்டும் பயன்படா.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களே! உங்களுட் பலர் கொழும்பிலும், இலண்டனிலும், ரொறன்ரோவிலும் இத்துறையிலேயே தொழில் புரிகின்றீர்கள். கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் நீங்கள் அள்ளித் தந்ததை நாம் மறவோம். இம்முறை, நீங்கள் கழித்துவிட்ட பழைய கணினிகள் நாலைந்து தாருங்கள். கல்லூரி வலையமைப்போடும் இணையத்தோடும் தொடர்பில்லாத தனி வலையொன்றை அவற்றால் அமைப்போம். அங்கே மாணவர் அச்சமின்றித் தட்டிப் பழகுவர். விடுமுறைக்கு ஊர் வரும்போது இரண்டு மணித்தியாலம் அவர்களுடன் இருந்து, கற்ற வித்தையோடு காத்த ஒழுக்கத்தையும் சொல்லிக் கொடுங்கள்.

அம்மாணவன் இன்று கல்லூரியில் இல்லை. அவன் கணினிக் கூடத்தை இழந்த அத்தவணையை மீட்டுத் தருதல் எம்மால் இயலாது. எமது கையொப்பம் ஆராயாமல் இடப்பட்டது என்பதை அவன் கற்ற கல்லூரியின் மலரிலேயே எழுதிவைத்தல் இயலும், அதனைச் செய்துள்ளோம். அடுத்த மாணவன் திறந்த கதவொன்றைக் கண்டு எம்மிடம் ஓடிவரும் நாளில், அவனை அமரச் செய்து, கூறுவதை முழுவதும் கேட்போமாக.