வண்டி நின்னாச்சு... ஆபத்து நின்னாச்சா?



ஒரு சின்னக் கேள்வி. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு வண்டியில் கிளம்புறீங்க. வழியில் எந்த இடத்தில் நீங்க ரொம்ப அசட்டையா இருப்பீங்க?

மத்திய கைலாஷ் சந்திப்பில்? சான்ஸே இல்லை. பஸ், லாரி, ஆட்டோ என்று நாலு பக்கமும் கண் இருக்கும். ஓ.எம்.ஆர். யூ டர்னில்? அங்கேயும் உஷார்தான். ஆனால் ஆபீஸ் கேட்டைத் தாண்டி, செக்யூரிட்டிகிட்டே ஐ.டி. கார்டைக் காட்டிட்டு, பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இறங்கினதும் ஒரு நிம்மதி வரும் பாருங்க... 'அப்பாடா, வந்து சேர்ந்துட்டோம்!' அடுத்த நிமிஷம் ஹெல்மெட் கையில், ஹெட்போன் காதில், கண் செல்போனில். அப்படியே லிஃப்டைப் பார்த்து நடை.

அந்த 'அப்பாடா'தான் பாஸ் இந்த வாரம் நம்ம மேட்டர்!

என்னோட முதல் வேலை, ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில். ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஷிப்ட் முடியும், இன்னொண்ணு தொடங்கும். அந்த அரை மணி நேரம் பேஸ்மென்ட் முழுக்கத் திருவிழாக் கூட்டம்தான். உள்ளே வர்ற பைக், வெளியே போற கார், நடுவில் அரட்டை அடிச்சுக்கிட்டே நாங்க.

எங்க டீமில் ஒரு பொண்ணு. திருநெல்வேலிப் பக்கம். வேலையில் சேர்ந்து இரண்டாவது வாரம். அன்னிக்கு ஸ்கூட்டரை நிறுத்திட்டு, வரிசையா நின்ற கார்களுக்குப் பின்னால் நடந்து லிஃப்டுக்குப் போயிட்டிருந்தாள். ஒரு கார் ரிவர்ஸில் வந்தது. ஓட்டினவர் எங்க சீனியர் ஒருத்தர்தான். பெரிய வேகம் எல்லாம் இல்லை. ஆனால் காருக்கும் தூணுக்கும் நடுவில் அவளோட கால் மாட்டிக்கிச்சு. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. ஆபரேஷன் செய்து பிளேட் வெச்சாங்க. மூணு மாசம் ஊரில் படுக்கை. வேலை நிரந்தரம் ஆகாத நேரத்தில் மூணு மாசம் லீவு என்றால் மனசு என்ன பாடுபடும்னு வேலைக்குப் போறவங்களுக்குத் தெரியும்.

மறுநாள் கேன்டீனில் இரண்டே கேள்விதான் ஓடிச்சு. 'அவ ஏன் அங்கே நடந்தா?' 'அவர் பார்த்து எடுத்திருக்கக் கூடாதா?'

எங்க செக்யூரிட்டி அண்ணா மட்டும்தான் வேற கேள்வி கேட்டார்.

"ஏன் தம்பி, அந்தப் பொண்ணு அங்கே நடக்காம வேற எங்கே நடக்கும்? நடக்கறதுக்குன்னு இங்கே இடமே விடலியே!"

சுத்திப் பார்த்தேன். நிஜம்தான். காருக்குக் கட்டம் போட்டிருந்தாங்க. பைக்குக் கட்டம் போட்டிருந்தாங்க. மனுஷன் நடக்க ஒரே ஒரு கோடு கூட இல்லை!

அந்த அண்ணா சொன்னதைத்தான் பெரிய பெரிய பாதுகாப்பு அமைப்புகளும் சொல்லுது. பிரிட்டனில் வேலை இடங்களின் பாதுகாப்பைக் கவனிக்கிற அரசு அமைப்பு ஹெச்.எஸ்.இ. அவங்க மூணு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்கச் சொல்றாங்க. பத்திரமான இடம், பத்திரமான வண்டி, பத்திரமான டிரைவர். நாம எப்பவும் மூணாவதை மட்டும் பிடிச்சுக்கிட்டுத் திட்டித் தீர்க்கிறோம். ஆனால் வேலை பார்க்கிற இடத்தில் ஆட்களும் வண்டிகளும் பத்திரமா போய்வர்ற மாதிரி இடத்தை அமைச்சிருக்கணும்னு அங்கே 1992லேயே விதி போட்டுட்டாங்க.

சரி, 'பார்க்கிங்கில் எல்லாரும் மெதுவாத்தானே போறாங்க'ன்னு கேட்பீங்க. ஒரு குட்டிக் கணக்கு போடலாமா? மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு சுமார் 2.8 மீட்டர். 30 கிலோமீட்டர் என்றால் 8.3 மீட்டர். ஆளைப் பார்த்து, மூளைக்கு உறைச்சு, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. 30ல் வர்ற கார், பிரேக்கில் கால் படறதுக்கு முன்னாடியே இரண்டு சின்னக் கார் நீளத்தைத் தாண்டியிருக்கும். அப்புறம்தான் பிரேக்கே பிடிக்கும்! இதில் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பிளஸ் ஒன் பிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? வேகம் மூணு மடங்கு என்றால் அடி ஒன்பது மடங்கு.

வெயிலில் இருந்து சட்டுனு பேஸ்மென்ட்டுக்குள் இறங்கும்போது கண் இருட்டுக்குப் பழகவும் கொஞ்ச நேரம் ஆகும். அந்தச் சமயத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்து ஒருத்தர் செல்போனைப் பார்த்துக்கிட்டே வந்தால்? இப்போ எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் காரும் வேற வந்தாச்சு. சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும். 'சத்தம் கேட்டால் ஒதுங்கிக்கலாம்' என்கிற பழைய பழக்கம் இனி வேலைக்கு ஆகாது.

அடுத்து, ரிவர்ஸ். கார் வெச்சிருக்கிற நண்பர்களே, நிறுத்தும்போதே ரிவர்ஸில் நிறுத்துங்க. 'அவசரத்தில் யாருங்க அதெல்லாம் பண்றது'ன்னு சலிச்சுக்காதீங்க. உள்ளே வரும்போது அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வர்றீங்க. அது காலியா இருக்கிறதைக் கண்ணால் பார்த்துட்டுப் பின்னால் எடுக்கிறீங்க. மாறாக, மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால், வீட்டுக்குப் போற அவசரத்தில், ஆட்கள் நடக்கிற பாதைக்குள் பின்பக்கமா வரணும். இரண்டு பக்கமும் பெரிய கார் நின்றால், உங்க கண்ணுக்குப் பாதை தெரியறதுக்குள் வண்டியின் பின்பாதி வெளியே வந்திருக்கும்.

'என் காரில்தான் சென்ஸார் இருக்கே!' சந்தோஷம். நம்ம நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் பார்க்கிங் சென்ஸார் கட்டாயம். ஆனால் அதுக்கு முன்னாடி வாங்கின காரும் ஏராளமா ஓடுது. சென்ஸார் இருந்தாலும், பக்கவாட்டில் இருந்து விறுவிறுன்னு குறுக்கே வர்றவங்களை அது கண்டுபிடிச்சுக் கத்தறதுக்குள் நேரம் கடந்துடலாம். கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறதுக்கு ஈடு எதுவும் இல்லை.

நடக்கிற நமக்கும் பாடம் இருக்கு. ரிவர்ஸ் லைட் எரிகிற காருக்குப் பின்னால் போகாதீங்க. வண்டி ஏறி இறங்குகிற சரிவுப் பாதை 'ஷார்ட் கட்' இல்லை. படிக்கட்டு இருந்தால் படிக்கட்டு. ஹெட்போனும் செல்போனும் லிஃப்டுக்குள் போற வரைக்கும் பையில் தூங்கட்டும்.

ஆனால் இதையெல்லாம் நாம மட்டும் செய்து பிரயோஜனம் இல்லை. கம்பெனி செய்ய வேண்டியதும் இருக்கு. நடக்கிறவங்களுக்குத் தனிப் பாதை. வண்டிகளுக்கு ஒருவழிப் பாதை. மூலையில் எதிரே வர்றது தெரியிற மாதிரி குவிந்த கண்ணாடி. சரிவு முடியிற இடத்தில் வேகத்தடை. எரியாத லைட்டை மாத்துறது. கேப் வண்டிகள் கூட்டத்துக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்காத மாதிரி ஏறி இறங்கத் தனி இடம். இதில் பாதி விஷயத்துக்கு இரண்டு டப்பா பெயின்ட்டும் ஒரு ஞாயித்துக்கிழமையும் போதும்!

கேட்கத் தயக்கமா? 2020ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, காயம் உண்டாக்குகிற ஆபத்துகள் இல்லாமல் வேலை இடத்தை வெச்சிருக்கிறது முதலாளியின் கடமைன்னு சொல்லுது. ஆபத்தான நிலைமை கண்ணில் பட்டால் தெரிவிக்கிறது ஊழியரின் கடமைன்னும் அதே சட்டம் சொல்லுது. அதனால், 'நேத்து சேர்ந்தவன் எதுக்கு வாயைத் திறக்கணும்'னு ஒதுங்கிப் போகாதீங்க.

நாங்களும் அப்போ மெயில் போட்டோம். முதல் மெயிலில் 'பார்க்கிங் சரியில்லை'ன்னு பொதுவா புலம்பியிருந்தோம். பதிலே வரலை. இரண்டாவது மெயிலை செக்யூரிட்டி அண்ணாவைப் பக்கத்தில் வெச்சுக்கிட்டு எழுதினோம். எந்தத் தூண், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் இருந்து வண்டி வருது, இதுக்கு முன்னாடி யார் யார் நூலிழையில் தப்பினாங்க... எல்லாம் அவருக்கு மனப்பாடம். போட்டோவும் சேர்த்து, பன்னிரண்டு பேர் பெயர் போட்டு அனுப்பினோம். ஒரு மாசத்துக்குள் லிஃப்ட் வரைக்கும் மஞ்சள் கோடு வந்தது. மூலையில் கண்ணாடி வந்தது.

அந்தப் பொண்ணு திரும்பி வந்தப்போ கொஞ்சம் சாய்ஞ்சு சாய்ஞ்சுதான் நடந்தாள். நல்லவேளை, வேலை போகலை. மஞ்சள் கோட்டைக் காட்டி, "பார்த்தியா, உனக்காகப் போட்டது"ன்னு பெருமையா சொன்னோம்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு, "நான் சேர்றதுக்கு முன்னாடியே போட்டிருக்கலாம்"னு சொன்னாள்.

எங்ககிட்டே பதில் இல்லை.

உங்க ஆபீஸிலும், காலேஜ் பைக் ஸ்டாண்டிலும் மஞ்சள் கோடு இருக்கா? நாளைக்கு வண்டியை நிறுத்தினதும் ஒரே ஒரு நிமிஷம் நின்று பாருங்க. இல்லைன்னா, யாருக்கும் அடிபடறதுக்கு முன்னாடி அந்த மெயிலைப் போட்டுடுங்க.

அடுத்த வாரம் சந்திப்போமா? பத்திரமா வாங்க!