எலியின் பாட்டும் குருவியின் பாட்டும்

பாடுவது பறவைக்கே உரிய கலை என்று நாம் எண்ணியிருக்கிறோம். எலி கீச்சிடும், பாடுமா? பாடும் எலியும் உண்டு. மெக்சிகோவின் தென்பகுதி முதல் பனாமா வரை, முகில் தவழும் மலைக்காடுகளில் வாழும் பழுப்பு நிறச் சிற்றெலி அது. பின்னங்கால்களை ஊன்றி, தலை நிமிர்த்தி, வாய் திறந்து பாடுகிறது. ஒரு பாட்டில் ஏறத்தாழ நூறு ஒலிகள் வரை அடங்கும். தொடக்கத்தில் விரைந்தும் முடிவில் தளர்ந்தும் அவை ஒலிக்கும்.

இதனோடு, ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டு, நம் ஊர்களிலும் கூண்டில் வளர்க்கப்படும் 'ஜீப்ரா ஃபிஞ்ச்' குருவியை ஒப்பிடுவோம். இரண்டுமே ஏறத்தாழ 12 கிராம் எடையுள்ளவை. எலி குரல்வளையால் பாடுகிறது. குருவியின் ஒலியுறுப்போ, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் அமைந்துள்ளது.

குருவியினத்தில் ஆண் மட்டுமே பாடும். அது பாட்டுடன் பிறப்பதில்லை. தந்தையின் பாட்டைக் கேட்டு, மனத்தில் பதித்து, தட்டுத் தடுமாறிப் பழகுகிறது. ஏறத்தாழ 90 நாள்களில் பாட்டு உருப்பெற்று நிலைத்துவிடும். கேட்க வேண்டிய பருவத்தில் தனித்து வளர்ந்த குஞ்சின் பாட்டோ ஒழுங்கற்றுப் போகும்.

எலி நமக்குக் காட்டுவது வேறொன்று. இரண்டு ஆண் எலிகள் போட்டியிட்டுப் பாடும்போதும், ஒன்றன் குரலை மற்றது மறிப்பதில்லை. ஒன்று முடித்தபின், ஏறத்தாழ அரை நொடியில் மற்றது தொடங்கும். நியூயார்க் பல்கலைக்கழகத்தையும் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த அறிஞர்கள் இதனை ஆராய்ந்து, 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். எலியின் மூளைப் புறணியில் ஒரு பகுதியை அவர்கள் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தனர். அப்போதும் எலி பாடியது; ஆனால் முறையறிந்து மறுமொழி பாட அதனால் இயலவில்லை. பாடும் ஆற்றல் வேறு, பிறர் முடிக்கும் நேரமறிந்து பாடும் ஆற்றல் வேறு என்பது இதனால் புலனாயிற்று.

நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். மாலையில் பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தை ஏதோ சொல்லத் தொடங்குகிறது. "சரி, சரி, போய்ப் படி" என்று பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். பின்னாளில் அதே பிள்ளை நம் பேச்சை இடைமறித்தால் சினம் கொள்கிறோம்! எதைக் கேட்டு வளர்ந்ததோ, அதைத்தானே அது திருப்பித் தரும்?

பிள்ளையின் காதில் விழும் நம் சொல் நல்லதாக இருக்கட்டும். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை நம் வாய் காத்திருக்கட்டும். முன்னதைக் குருவியிடம் கற்போம். பின்னதை எலியிடம் கற்போம். இன்றிரவு உணவு வேளையிலேயே தொடங்கலாமே!