அறுவை முடிந்தது, கடமை முடிந்ததா?

(விலங்கியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று மேடைதோறும் முழங்குகிறோம். அப்படியானால் நோயோடு பிறந்துவிட்ட குழந்தைக்குச் செல்வம் எது? அதனைக் கண்ணும் கருத்துமாய்க் காக்கும் பெற்றோரே என்பேன். இதை நூலில் படித்து எழுதவில்லை. அனுமந்தன்பட்டியில் என் வீட்டிலேயே கண்டு எழுதுகிறேன்.

என் அக்காள் மகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்தில், அழும்போதெல்லாம் உதடும் நகமும் நீலம் பாய்ந்தன. 'சீர் தட்டிவிட்டது' என்றனர் சிலர். 'கிரகணத்தன்று வெளியே வந்தாள்' என்று அக்காளைப் பழித்தனர் சிலர். மருத்துவரோ, இதயத்தில் நான்கு குறைகள் ஒருங்கே அமைந்த பிறவி நோய் என்றார். தவளையின் இதயத்தில் மூன்றே அறைகள்; தூய இரத்தமும் தூய்மையற்ற இரத்தமும் ஓரளவு கலப்பது அதற்கு இயற்கை. நான்கு அறை கொண்ட மனிதனுக்கோ அது துன்பம். கருவின் முதல் எட்டு வாரங்களில் இதயம் உருப்பெற்றுவிடுகிறது. அங்கே நேரும் பிழைக்குப் பெரும்பாலும் இன்னதுதான் காரணம் என்று சுட்ட இயலாது. ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேர் ஏதேனும் ஓர் இதயக் குறையோடு பிறக்கின்றனர். அத்தனை தாய்மாருமா கிரகணத்தில் வெளியே வந்தனர்?

ஒன்றரை வயதில் மதுரையில் அறுவை நடந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அச்செலவை ஏற்றது. "பிள்ளை பிழைச்சிருச்சு, இனி என்ன கவலை?" என்று உறவினர் மகிழ்ந்தனர். இங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

இத்தகைய அறுவைக்குப் பின், நுரையீரலுக்குச் செல்லும் குழாயின் வால்வு கசியலாம். ஆண்டுகள் பல கழித்தும் இதயத் துடிப்பு தாளம் தப்பலாம். குழந்தை ஓடியாடுவதைப் பார்த்து இவற்றை அறிய முடியாது, எக்கோ, இ.சி.ஜி. சோதனைகளே காட்டும். எனவே சோதனை வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். பல் சொத்தையையும் அலட்சியம் செய்யலாகாது. வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து இதயத்தில் தங்கிவிடக்கூடும். பல் பிடுங்குமுன் இதய மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

சொல்வது எளிது. மதுரை எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அக்காளுக்குத் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. மாமா விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டத்திற்குப் போகிறவர். சோதனை நாளென்றால் இருவர் கூலியும் போகும். பஸ் செலவும் கைக்காசுதான். மூன்றாம் ஆண்டுச் சோதனை, திராட்சை வெட்டு நடந்த சமயத்தில் வந்தது. "நல்லாத்தானே ஓடுறா, அடுத்த மாசம் போய்க்கலாம்க்கா" என்றவன் நானேதான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் என்பதால் என் சொல் எடுபட்டது. அடுத்த மாதம் என்றது பதினோரு மாதமாயிற்று. பிறகு போனபோது வால்வுக் கசிவு கூடியிருந்தது. இனி ஆறு மாதத்திற்கொரு முறை வரச் சொன்னார் மருத்துவர். அக்காள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

1954-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் லில்லஹை குழந்தைகளின் இதயத்தைத் திறந்து அறுவை செய்தார். அப்போது பெரும்பாலும் தாயையோ தந்தையையோ பக்கத்தில் கிடத்தி, அவர்கள் உடல் வழியாகவே குழந்தைக்கு இரத்தம் செலுத்தினார். இன்று அவ்வேலையை இயந்திரம் செய்கிறது. ஆனால் வீடு திரும்பியபின் ஆண்டுக்கணக்கில் நடக்கும் பராமரிப்புக்கு இயந்திரம் ஏது? பெற்றோரே உண்டு. அவர்களைத் தனியே விடுவது நியாயமா?

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று இத்தகைய நோயைக் கண்டறிகின்றன. நன்று. கண்டறிந்து அறுவையும் முடித்த குழந்தை பாதியில் சோதனையைக் கைவிடாதிருக்க, அழைத்துவரும் பெற்றோருக்குப் பயணச் செலவும் ஒரு நாள் கூலியும் அரசு தர வேண்டும் என்பது என் கருத்து. 'பொம்பளப் பிள்ளை, மார்பில் வடு இருப்பதை வெளியே சொல்லாதே' என்னும் அறிவுரையையும் நாம் கைவிட வேண்டும். மறைத்தால், மூச்சிரைத்து உட்காரும் பிள்ளையைப் பள்ளி ஆசிரியை எப்படிப் புரிந்துகொள்வார்?

நண்பர்களே! நம்மில் பலர் கிராமத்திலிருந்து வருகிறோம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரம் நடுகிறோம், சாலை கூட்டுகிறோம். அவரவர் ஊரில் இத்தகைய குழந்தை இருந்தால், பெற்றோர் இசைவுடன் சோதனை நாளைக் குறித்துவைத்து நினைவூட்டலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்குத் துணையாய் மருத்துவமனை செல்லலாம். அதுவும் தொண்டன்றோ?

அடுத்த சோதனை நாளை என் விலங்கியல் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். அன்று வகுப்புக்கு வரமாட்டேன். பேராசிரியர்கள் பொறுத்தருள்க!