குரலுக்கு வயசாச்சு... அதனால என்ன?

விடியற்காலை ஐந்தே கால் மணி. ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு டீக்கடை. முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டீ கிளாஸ். நான் வாலாஜாபாத் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். கடைக்காரரின் செல்போனில் இளையராஜா பாடிக்கொண்டிருக்கிறார். 'விடுதலை' படத்தின் காட்டுமல்லிப் பாட்டு.

"என்னதான் சொல்லு, ராஜா குரல் முன்ன மாதிரி இல்லப்பா. மூச்சு வாங்குது" என்றார் ஒருவர். ஐம்பதைத் தொட்ட மனிதர்.

"எண்பது வயசுல வேற யாருண்ணே இப்படிப் பாடுவாங்க? எனக்கு இந்தக் குரல்தான் பிடிச்சிருக்கு" என்றான் பக்கத்தில் நின்ற பையன். இருபத்தைந்து வயது இருக்கும்.

"பிடிக்கும், பிடிக்கும்... நீ எங்க பழைய கேசட்டைக் கேட்டே தம்பி!"

பஸ் வந்தது. விவாதமும் அவர்களோடு பஸ் ஏறிப் போய்விட்டது. ஆனால், எனக்கு மட்டும் ஒரு விஷயம் காதிலேயே தங்கிவிட்டது. ராஜாவின் குரலைக் குறை சொன்ன அந்த அண்ணனின் குரல் இருக்கிறதே... அது கரகரவென்று, உள்ளே காற்று கசிகிற மாதிரி இருந்தது! அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் உட்பட.

அவரிடம் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த விவாதத்துக்கு ஒரு பதில் சொல்லிவிடலாம்.

கேசட்டுக்கு வயசாகாது!

இளையராஜா பிறந்தது 1943-ல். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். 2023-ல் 'விடுதலை' முதல் பாகம் வந்தபோது அவர் 80 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். 2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்திலும் 'தினம் தினமும்' பாட்டை அனன்யா பட்டோடு சேர்ந்து அவரே பாடினார். அதற்குப் பிறகு 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். 81 வயதில்!

குரல் மாறியிருக்கிறதா? மாறித்தான் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் செய்கிற தப்பு என்ன தெரியுமா? மனிதரை மனிதரோடு ஒப்பிடுவதில்லை. கேசட்டோடு ஒப்பிடுகிறோம். பதிவு செய்த குரல் அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். பாடியவரின் தொண்டை அப்படி இருக்க முடியுமா?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. ராஜா பிறந்த அதே 1943-ல் பிறந்தவர்தான் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' ராக் குழுவின் பாடகர் மிக் ஜாகர். 2019-ல் அவருக்கு இதய வால்வு மாற்று சிகிச்சை நடந்தது. சில வாரங்களிலேயே மேடைக்குத் திரும்பினார். 2023 அக்டோபரில், 80 வயதில், குழுவின் புது ஆல்பமான 'ஹேக்னி டைமண்ட்ஸ்' வெளிவந்தது. புதிதாக எழுதிய பாட்டுகளோடு அவர்கள் ஆல்பம் தந்தது 18 வருஷத்துக்குப் பிறகு! அங்கேயும் ரசிகர்கள் பேசியது இதைத்தான். குரல் தாங்குமா, தாங்காதா?

நம் எஸ்.பி.பி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பேட்ட' (2019), 'தர்பார்' (2020) என்று 70 வயதைத் தாண்டியும் ரஜினிக்கு அதிரடிப் பாட்டு பாடினார். அப்போது "பழைய பாலு இல்லை" என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. 2020 செப்டம்பர் 25-ம் தேதி அவர் மறைந்தார். அடுத்த வருஷம் 'அண்ணாத்த' பாட்டு வந்தபோது அதே நண்பர்கள் கண் கலங்கினார்கள். குரல் அதே எழுபது வயதுக் குரல்தானே? மாறியது நாம் கேட்ட விதம்!

2010-ல் கோவை செம்மொழி மாநாட்டுப் பாட்டில் டி.எம்.எஸ். குரலைச் சேர்த்தார் ஏ.ஆர்.ரஹ்மான். அப்போது டி.எம்.எஸ். 90 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். 2011-ல் 'ஒஸ்தி' படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடி ஊரையே ஆட வைத்தாரே, அவருக்கு அப்போது 70 தாண்டியாச்சு. இளம் குரல் இல்லை என்பது குறையாகத் தெரியவில்லை. அந்தக் குரல்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள்.

தொண்டைக்குள் என்னதான் நடக்கிறது?

குரல்வளைக்குள் இரண்டு சின்ன மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண் என்கிறோம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தாலும், மொத்த நீளம் 2 சென்டிமீட்டர் அளவுக்குள்தான். நுரையீரலில் இருந்து வரும் காற்று மோதி இவை அதிரும்போதுதான் குரல் பிறக்கிறது. சாதாரணமாகப் பேசும்போது ஆணுக்கு விநாடிக்கு 100 முதல் 130 தடவை, பெண்ணுக்கு 200 தடவை அளவில் இவை அதிர்கின்றன. ஒரு நாள் முழுக்க எத்தனை லட்சம் தடவை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்!

வயதாக ஆக, இந்த மடிப்பில் உள்ள தசை மெலிகிறது. மேல் அடுக்கின் மீள் தன்மை குறைகிறது. இரண்டு மடிப்பும் முழுசாக ஒட்டாமல் நடுவில் மெல்லிய இடைவெளி விழுகிறது. அந்த வழியே காற்று கசிகிறது. அதைத்தான் நாம் 'மூச்சு வாங்குது' என்கிறோம். நுரையீரலின் கொள்ளளவும் குறைவதால் நீளமான வரியை ஒரே மூச்சில் பாட முடிவதில்லை. இன்னொரு வேடிக்கை... மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் கொஞ்சம் தடிக்கிறது. வயதான ஆண்களின் குரலோ பலருக்கு மெலிந்து மேலே ஏறுகிறது.

இது நரைமுடி மாதிரிதான். நோய் இல்லை. தினமும் குரலைப் பழக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேய்மானம் மெதுவாக நடக்கும். அதனால்தான் எண்பதிலும் சிலரால் பாட முடிகிறது. ரிடையர் ஆன பிறகு யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குக் குரல் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. உங்கள் வீட்டுத் தாத்தா பழைய பாட்டை முணுமுணுத்தால், "சும்மா இருங்க தாத்தா" என்று அடக்காதீர்கள். அது அவர் குரலுக்கு நல்ல பயிற்சி.

பாடினவர் தொண்டையா, கேட்கிறவர் காதா?

இங்கே யாரும் யோசிக்காத ஒன்று உண்டு. வயதாவது பாடுகிறவரின் தொண்டைக்கு மட்டுமா? நம் காதுக்கும்தான்!

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை இத்தனை தொழிற்சாலைகள். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப், கிரைண்டிங், கம்ப்ரசர் அறை போன்ற இடங்களில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சகஜம். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவுதான். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டு விதிகள் வைத்திருக்கும் எல்லை. 85-ஐத் தாண்டினாலே காதுக்குப் பாதுகாப்பு தேவை என்பது உலக அளவில் நிபுணர்களின் கருத்து. இரைச்சலால் வரும் காது மந்தம் நம் சட்டத்தில் தொழில் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது.

இந்த மந்தம் திடீரென்று வராது. முதலில் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் மங்கும். பாட்டில் நுணுக்கமும் மினுமினுப்பும் இருப்பது அங்கேதான். இருபது வருஷம் பிரஸ் ஷாப்பில் நின்றவர், இன்றைய காதால் புதுப் பாட்டைக் கேட்கிறார். பழைய கேசட்டையோ இருபது வயசுக் காதால் கேட்ட ஞாபகத்தை வைத்துத் தீர்ப்பு சொல்கிறார். இது நியாயமா, சொல்லுங்கள்!

பஸ்ஸில் இயர்ஃபோன் மாட்டும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. எட்டு மணி நேரம் இரைச்சலில் நின்ற காதுக்கு ஓய்வு வேண்டும். அதன்மேல் முழு வால்யூமில் பாட்டை ஏற்றினால், நாற்பது வயதில் ராஜாவின் வயலின்களே உங்களுக்குக் கேட்காமல் போகலாம்.

'வயசாச்சு' என்பது டாக்டர் சீட்டு இல்லை

இரைச்சல் காதை மட்டும் கெடுப்பதில்லை, குரலையும் கெடுக்கிறது. சுற்றிலும் சத்தம் இருந்தால் நாம் அறியாமலே கத்த ஆரம்பித்துவிடுவோம். 1911-ல் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் இதைக் கவனித்து எழுதினார். சூப்பர்வைசர், லைன் லீடர், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி எல்லோரும் தினமும் இப்படித்தான் கத்துகிறார்கள். குரல் நாணில் காய்ப்பு மாதிரி முடிச்சு விழுகிறது. குரல் கரகரக்கிறது. உடனே நாம் என்ன சொல்கிறோம்? "வயசாச்சுல்ல!"

என் சித்தப்பா கதை இது. கல்யாண வீடுகளில் டி.எம்.எஸ். பாட்டு என்றால் அவர்தான். ஒரு வருஷம் அவர் குரல் கம்மியது. "ரேடியோவுல ஸ்டேஷன் சரியா பிடிக்கல சித்தப்பா" என்று நாங்கள் கேலி செய்தோம். அவரும் சிரித்தார். பீடியை மட்டும் விடவில்லை. ஒன்பது மாதம் கழித்து, சாப்பாடு இறங்கவில்லை என்ற பிறகுதான் டாக்டரிடம் போனோம். குரல்வளைப் புற்றுநோய்! குரல்வளையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தார். பேச வேண்டியதை எல்லாம் சிலேட்டில் எழுதிக் காட்டினார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பாட்டு நின்றுபோனது.

கொடுமை என்னவென்றால், குரல் நாணில் வரும் புற்றுநோய் ஆரம்பத்திலேயே கரகரப்பாகத் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். அப்போதே பிடித்தால் கதிர்வீச்சு சிகிச்சையிலோ சின்ன ஆபரேஷனிலோ பெரும்பாலானவர்களைக் குணப்படுத்தலாம். குரலையும் காப்பாற்றலாம். நாங்கள் ஒன்பது மாதம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தோம். ஆனால், காதில் வாங்கவில்லை!

இதைச் செய்யுங்கள்

* ஜலதோஷம் விட்டும் கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்கள். பீடி, சிகரெட், புகையிலை, மது பழக்கம் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி, சளியில் ரத்தம் என்றால் உடனே. மூச்சு விடச் சிரமம் என்றால் நேராக அவசர சிகிச்சைக்கு.

* சோதனைக்குப் பயப்பட வேண்டாம். மூக்கு வழியே மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பார்கள். சில நிமிஷ வேலை. இ.எஸ்.ஐ. இருந்தால் உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. எல்லாம் பக்கம்தான்.

* லைனில் கத்தாதீர்கள். கை சைகையைப் பழக்குங்கள். பேச வேண்டும் என்றால் பக்கத்தில் போய்ப் பேசுங்கள். கொடுத்த இயர் ப்ளக்கைப் பையில் வைக்காமல் காதில் வையுங்கள்.

* "அடிக்கடி பாத்ரூம் போக முடியாது" என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், இங்கே நிறைய. குரல் நாணுக்கு ஈரம் வேண்டும். இடைவேளைகளில் கட்டாயம் தண்ணீர் குடியுங்கள்.

* நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து வயிறு நிறையச் சாப்பிட்டதும் படுக்காதீர்கள். அமிலம் மேலே ஏறித் தொண்டையைப் புண்ணாக்கும்.

* மிளகுப் பால், பனங்கற்கண்டு எல்லாம் தொண்டைக்கு இதம்தான். ஆனால், நாம் விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறிவிடும்! அவற்றையே மருந்து என்று நம்பி மாதக்கணக்கில் காலம் கடத்தாதீர்கள்.

அந்த அண்ணன் என்ன ஆனார்?

மறுவாரம் அதே டீக்கடையில் அவரைப் பார்த்தேன். தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டேன். "குரல் எப்பலேர்ந்து இப்படி இருக்குங்க?"

"அது ஆறு மாசமா இப்படித்தான் சார். லைன்ல கத்திக் கத்திப் போச்சு. வயசும் ஆகுதுல்ல" என்றார் சிரித்தபடி.

சித்தப்பா கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. பக்கத்தில் இருந்த அந்தப் பையன்தான் சட்டென்று சொன்னான். "அண்ணே, வர்ற வீக்லி ஆஃப்ல நான் பைக் எடுத்துட்டு வர்றேன். ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

அது வெறும் முடிச்சாக இருக்கலாம். ஓய்விலும் பயிற்சியிலும் சரியாகலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் குரலை ஒருவர் காது கொடுத்துக் கேட்டார், அதுவே எனக்கு நிம்மதி.

ராஜா குரல் 'போச்சு' என்று தள்ளுகிறோம். வீட்டில் இருப்பவர் குரலை 'வயசாச்சு' என்று தள்ளுகிறோம். இரண்டும் ஒன்றுதான், கேட்காமல் இருப்பது! எண்பது வயதுப் பாட்டை எண்பது வயதுப் பாட்டாகவே ரசியுங்கள். அப்படியே இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, உங்கள் அப்பா பேசுவதையும் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். போன வருஷம் இருந்த மாதிரிதான் இருக்கிறதா அந்தக் குரல்?