வைத்தியனுக்கு ஏது இனம்?

நாடி பிடிக்கும் கை எந்த இனத்தாரின் கை என்று கேட்கத் தொடங்கிய நாடு, நோயாளிக்குத்தான் முதலில் தீங்கிழைக்கின்றது. ஜேர்மனியின் யூத வைத்தியர் பட்ட பாடு இதற்குச் சான்று.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மூன்று மாதங்களுக்குள், காப்புறுதி நிதியின்கீழ் வைத்தியம் பார்க்கும் உரிமையை அவர்களிற் பலர் இழந்தனர். 1938 ஜூலையில் வந்த ஆணையோ எஞ்சியிருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் தொழில் அனுமதியையே பறித்தது. முதல் உலகப் போரில் அதே ஜேர்மனிக்காகக் களத்தில் நின்றவர்களும் தப்பவில்லை. ஏறத்தாழ 700 பேர் மட்டும் யூத நோயாளரைக் கவனிக்கலாம். ஆனால் ‘வைத்தியர்’ என்று தம்மைச் சொல்லிக்கொள்ளலாகாது!

உடன் தொழில் செய்தோர் என்ன செய்தனர்? ஜேர்மன் வைத்தியருள் ஏறத்தாழப் பாதிப்பேர் நாஜிக் கட்சியிற் சேர்ந்தனர். பலர் வாய் மூடியிருந்தனர். வெற்றிடங்களை நிரப்பியும் கொண்டனர்.

தப்பியோடியவர்க்கும் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. 1938இல் ஒஸ்திரியாவிலிருந்து வந்த வைத்தியருள் 50 பேருக்கே பிரித்தானியா இடமளித்தது. போரினால் வைத்தியர் பற்றாக்குறை ஏற்பட்ட பின்னரே, 1941இல், தற்காலிகப் பதிவுக்கு வழி பிறந்தது. அன்றைய பிரித்தானிய ஆட்சி நம் தீவிலும் இதே கண்கொண்டே பார்த்தது. யூதராய்ப் பிறந்து இங்கு துறவு பூண்ட ஞானபோனிக்க தேரர் வைத்தியர் அல்லர். எனினும் ‘ஜேர்மானியர்’ என்ற ஒரே காரணத்தால் போர்க்காலத்தில் தியத்தலாவையிலும், பின்னர் டேராடூனிலும் அடைபட்டுக் கிடந்தார்.

ஆனால் அனுமதியைப் பறிக்கலாம், கடமையுணர்ச்சியைப் பறிக்கலாகுமோ? 1942இல் வார்சோவின் அடைப்புச் சேரியில், தாமும் பசியால் வாடிய யூத வைத்தியர், பசி மனித உடலை எவ்வாறு அழிக்கின்றது என்பதை முறைப்படி ஆராய்ந்து எழுதினர். ஆய்வாளர் பலர் மாண்டனர். மறைத்துக் காக்கப்பட்ட ஏடு 1946இல் அச்சேறியது.

இவையெல்லாம் வேற்று நாட்டுக் கதை என்று மாளிகாவத்தையில் வாழும் முஸ்லிம் சகோதரர் எண்ணமாட்டார்கள். 2019 மே மாதம், நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் ஒரு முஸ்லிம் வைத்தியர் எனச் சிங்கள நாளேடு ஒன்று எழுதிற்று. குருநாகல் வைத்தியசாலையின் டாக்டர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றில் உரைத்தது. இரண்டு மாதச் சிறைக்குப் பின்னரே பிணை கிடைத்தது. 2022இல், நாடு மருந்தின்றித் தவித்தபோது, தமக்குச் சேரவேண்டிய நிலுவைச் சம்பளம் 26 இலட்சத்துக்கு மேற்பட்ட ரூபாவை, மருந்து வாங்கவே அவர் வழங்கினார்!

ஹிட்லரின் கொடுமையையும் குருநாகல் அநீதியையும் ஒரே தராசில் நிறுத்த நாம் முற்படவில்லை. வதந்தியிற் பிறந்த நோய், அயலாரின் மௌனத்தில் வளரும் என்பதே நாம் சொல்வது.

1983 ஜூலையில் வெள்ளவத்தை எரிந்தபோது அந்த மௌனத்தின் கொடுமையைத் தமிழர் அனுபவித்தனர். நம் வைத்தியர் பலர் கடல் கடந்தனர்; இழந்தது இந்நாட்டு நோயாளரே. அன்று நமக்காகப் பேசாதவரை இன்றும் நாம் நொந்துகொள்கின்றோம். அவ்வாறாயின், மாளிகாவத்தையின் பிள்ளை ஒருவன்மீது நாளை பழி சுமத்தப்படும்போது கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் வாளாவிருத்தல் தகுமா? தமிழ் பேசும் மக்கள் ஒருவர்க்கொருவர் அரணாக நிற்கவேண்டிய இடம் இதுவே.