பிள்ளை வளர்ப்பு: அடுக்களைப் பேச்சா, சமூக அறிவா?

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தின் பருவங்கள் பத்தினையும் வரிசை பிறழாது ஒப்புவிக்க அறியாத தமிழ் மாணவர் இலர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என அவை தொடர்ந்து, ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் வேறுபடும் இறுதி மூன்று பருவங்களோடு நிறைவுறும். குழந்தையின் மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொராந் திங்கள் வரை இதனைப் பாடலாமெனப் பாட்டியல் மரபு வரையறுக்கும். இவ்வெல்லையை நாம் மனனஞ் செய்துள்ளோம். அதன் பொருளை எண்ணிப் பார்த்தோமல்லோம். பிள்ளை பிறந்த நாள் தொட்டுக் கழியும் முதல் இரு திங்களும், அதாவது தாய் உறங்காத அறுபது இரவுகளும், பால் குடித்ததா இல்லையா, அழுகை பசியாலா வயிற்று வலியாலா என்று ஏதும் புரியாது அவள் கலங்கி நிற்கும் அந்நாட்களும், பிரபந்தத்திற்குப் புறம்பானவை. கொஞ்சத்தக்க பிள்ளையே பாட்டுக்கு உரியது. பேணுதற்கு அரிய பிள்ளை தாய்க்கு மட்டுமே உரியது.

இதற்குப் புறனடையாகப் பெரியாழ்வாரைக் காட்டலாம். அவர் கண்ணனைப் பிறப்பிலிருந்தே பாடினார். மஞ்சள் கொண்டு நா வழித்தலும் நீராட்டலும் அவர் பாசுரத்துள் இடம்பெறுகின்றன. அதனினும் சிறப்பாக, தொட்டிலில் கிடத்தினால் உதைத்தும், இடுப்பில் எடுத்தால் வருத்தியும் பிள்ளை தன்னைப் படுத்தும் பாட்டினால் தான் மெலிந்து போனதாக, மற்றொரு பெண்ணை விளித்துத் தாய் முறையிடும் பாசுரமொன்றும் அங்கு உண்டு. அப்பாசுரத்தைப் பக்திச் சுவைக்கு எடுத்துக்காட்டாக நாம் கற்றிருக்கின்றோம். களைத்த தாயொருத்தி தன்னையொத்த இன்னொருத்தியிடம் மனந்திறந்து பேசுகின்றாள் என்ற எளிய உண்மையை எந்த விரிவுரை மண்டபத்திலும் நாம் பேசியதில்லை.

ஏன் பேசவில்லை? சிசு வளர்ப்புப் பற்றிப் பெற்றோர் தம்முள் பேசுவது அறிவு சார்ந்த செயலன்று, அது வெறும் அடுக்களைப் பேச்சு என்ற எண்ணம் கற்றோரிடையே வேரூன்றியிருப்பதே காரணம். இவ்வெண்ணம் தவறானது மட்டுமன்று, தீங்கு பயப்பதுமாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம். நம் சமூகத்தில் இளம் பெற்றோருக்கு அறிவுரை குறைவில்லை. குறைவாயிருப்பது ஆதரவு. மேலிருந்து கீழ்நோக்கி வருவது கட்டளை. ஒத்தாருக்கும் ஒத்தாருக்கும் இடையே நிகழ்வது உரையாடல். முன்னதை நாம் பெருக்கினோம், பின்னதை நசுக்கினோம்.

பழைய வீடும் அதன் விலையும்

இவ்விடத்து மரபு வாதிகள் குறுக்கிடுவர். "அக்காலத்தில் இக்குறை இருந்ததில்லை. தலைப்பிள்ளைக்குப் பெண் தாய்வீடு சென்றாள். முப்பத்தொராம் நாள் துடக்குக் கழியும்வரை அடுப்பங்கரையை அவள் எட்டியும் பார்க்கவில்லை. வேது நீரில் குளித்து, சரக்குக்கறியுண்டு, தாயும் பெரியதாயும் சூழ இருந்தாள்" என்பர்.

இதில் உண்மை இல்லாமலில்லை. பேற்றின் பின் உடலுக்கு ஓய்வு வேண்டும், பிள்ளையைத் தாங்கப் பல கரங்கள் வேண்டும் என்பதை உணர்ந்த ஏற்பாடு அது. ஆயினும் அவ்வீட்டின் கூரையைத் தாங்கிய தூண்கள் எவை என வினவுதல் வேண்டும். துடக்குச் சீலை வெளுத்தவரும் பேறு பார்த்தவரும் பெரும்பாலும் சாதியடிப்படையிலான குடிமைத் தொழிலுக்கு ஆட்பட்டோரே. அவர்தம் பிள்ளைப்பேற்றிற்கு யார் வேது நீர் காய்ச்சினர் என்பதை மரபின் புகழ் பாடுவோர் கூறார். மேலும், அவ்வீட்டில் இளந்தாய் கேட்பவளேயன்றிப் பேசுபவளல்லள். சீம்பாலைக் கறந்து ஊற்றிவிடு என்றால் ஊற்றினாள். பிள்ளைக்குச் சீனித் தண்ணீர் பருக்கு என்றால் பருக்கினாள். நோயெதிர்ப்புப் பொருள்கள் செறிந்த முதற்பாலை நஞ்செனக் கருதிய பிழை எத்தனை சிசுக்களுக்கு ஊறு செய்ததென அளவிடல் இயலாது. கேள்வி கேட்கவியலாத அறிவு தன் பிழையைத் தானே திருத்திக்கொள்வதில்லை.

அது ஒருபுறமிருக்க, அப்பழைய வீடுதான் இன்று எங்கே? உத்தியோகம் தேடிய இடப்பெயர்வு அதன் ஒரு சுவரைச் சாய்த்தது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டமையும், 1995இல் வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்தமையும், 2009இல் வன்னியில் நேர்ந்த பேரழிவும் எஞ்சிய சுவர்களைத் தகர்த்தன. மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் விசா வேண்டி வரிசையில் நிற்கும் அம்மம்மாக்களைக் காண்கிறோம். விசா மறுக்கப்பட்டால் ஒரு தலைமுறையின் அனுபவம் விமான நிலையத்தின் இப்புறமே நின்றுவிடுகின்றது. இந்நிலையில், பழைய வீட்டிற்குத் திரும்புங்கள் என்பது வீடற்றவனிடம் கதவைச் சாத்திக்கொள் என்பதையொக்கும்.

நிபுணர் வாக்கும் அதன் பிழையும்

இரண்டாவது சாரார், மருத்துவ அறிவே போதும் என்போர். தாய்மார் தம்முட் பேசினால் அறியாமையே பரவும், தாதியும் வைத்தியரும் சொல்வதைக் கேட்டு நடப்பதே கடன் என்பது இவர்தம் நிலைப்பாடு.

நமது நாட்டின் தாய் சேய் நலச் சேவையைச் சிறுமைப்படுத்துவது எம் நோக்கமன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டதிலிருந்து, வீடு வீடாகச் சென்ற மருத்துவமாதர் ஆற்றிய தொண்டு பெரிது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவையின்படி, ஆறு மாதத்திற்கு உட்பட்ட சிசுக்களுள் நூற்றுக்கு 82 தாய்ப்பாலை மட்டுமே அருந்தின. செல்வம் மிகுந்த நாடுகள் பல எட்டாத நிலை இது. சுவரொட்டிகள் மட்டும் இதனைச் சாதிக்கவில்லை. படலையைத் திறந்து உள்ளே வந்து, பாயில் அமர்ந்து பேசிய ஒரு பெண்ணே இதில் பெரும்பங்கு சாதித்தாள்.

ஆயின், அச்சேவை கிளினிக்கின் வாங்கில் வந்தமரும்போது அதன் இயல்பு மாறிவிடுகின்றது. கைப்பிள்ளையுடன் தாய்மார் வரிசையில் காத்திருக்கின்றனர். பிள்ளை நிறுக்கப்படுகின்றது, வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளியிடப்படுகின்றது, கோடு தாழ்ந்திருந்தால் தாய் ஏச்சு வாங்குகின்றாள். அவ்வாங்கில் அவளருகே இருப்பவள் அதே இடரைச் சென்ற மாதம் கடந்து வந்தவளாயிருக்கலாம். அவ்விருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதே அன்றைய காலைப்பொழுதின் மிகப் பயனுள்ள பாடம். அதுவே "சத்தம் போடாதீர்கள்" என்று அடக்கப்படுவதுமாகும்.

நிபுணர் பிழைபடார் என்போருக்கு வரலாறு கூறும் விடை கடுமையானது. 1907இல் நியூசிலாந்தில் பிளங்கெட் சங்கத்தை நிறுவிய ட்றூபி கிங், நான்கு மணிக்கொரு முறை மட்டுமே பாலூட்டுக, இரவில் ஊட்டற்க எனக் கடிகாரத்தைத் தாயாக்கினார். 1928இல் அமெரிக்க உளவியலாளர் ஜோன் வாட்சன், பிள்ளைகளைக் கட்டியணைத்து முத்தமிடலாகாது என எழுதினார். உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்பனையான பெஞ்சமின் ஸ்பொக்கின் நூல், 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளில் சிசுவைக் குப்புறப் படுக்கவைக்குமாறு கூறியது. குப்புறக் கிடத்தல் உறக்கத்திலேயே நேரும் திடீர் மரணத்திற்கு ஏதுவாகும் எனப் பின்னர் ஆய்வுகள் தெளிவாக்கின. 1991இல் இங்கிலாந்தில் மல்லாந்து படுக்கவைக்கும் இயக்கம் தொடங்கியதும் அம்மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அவ்வியக்கத்தை முன்னெடுத்தோருள் ஒருவர், அவ்வாண்டு தம் மகவைப் பறிகொடுத்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமன்ட் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. ஆய்வாளரின் சான்றும் பெற்றோரின் குரலும் இணைந்தபோதே உண்மை வீடுதோறும் சென்றது. சான்றில்லாத குரல் வதந்தி. குரலில்லாத சான்று காகிதம்.

பேணிக்குள் அடைக்கப்பட்ட அறிவுரை

உரையாடல் நசுக்கப்பட்ட இடம் வெறுமையாக இருப்பதில்லை. சந்தை அதனை நிரப்பிவிடும். தன் ஐயத்தைக் கேட்க ஆளில்லாத தாய்க்குப் பால்மாப் பேணியின் மேலிருந்து கொழுத்த பிள்ளையொன்று விடை கூறிற்று. உன் பால் போதாது என்ற அச்சமே அவ்வணிகத்தின் மூலதனம். பால் சுரப்பது பெரும்பாலும் பிள்ளை குடிக்கும் அளவைப் பொறுத்தது; போத்தல் நுழைய நுழையச் சுரப்புக் குன்றும்; குன்றியதும் அச்சம் மெய்யாகும். தன் சரக்கிற்கான தேவையைத் தானே உண்டாக்கும் வணிகம் இதைவிட வேறு யாது?

1939இல் சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தில் உரையாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், பொருத்தமற்ற பாலைப் புகட்டத் தூண்டும் பிரசாரத்தால் நேரும் சிசு மரணங்களைக் கொலையெனவே கருதல் வேண்டும் எனத் துணிந்து கூறினார். 1974இல் பிரித்தானியாவில் வெளிவந்த சிறு வெளியீடொன்று அக்குற்றச்சாட்டை உலகறியச் செய்தது. 1977இல் ஐக்கிய அமெரிக்காவில் நுகர்வோர் புறக்கணிப்புத் தொடங்கிற்று. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றீடுகளின் சந்தைப்படுத்தல் பற்றிய கோவையை நிறைவேற்றியபோது 118 நாடுகள் ஆதரிக்க, எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஐக்கிய அமெரிக்கா.

அதே அமெரிக்காவில்தான், 1956இல் இலினோய் மாநிலத்தில் ஏழு தாய்மார் ஒன்றுகூடி, பாலூட்டுவதில் தாய்க்குத் தாயே துணை என்னும் கொள்கையுடன் லா லெச்சே சங்கத்தைத் தொடங்கினர் என்பதும் உண்மை. அரசு எதிர்த்து வாக்களித்ததை அடுக்களைப் பேச்சு முன்னரே ஆதரித்திருந்தது. 1989இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் வெளியிட்ட பத்துப் படிகளுள் பத்தாவது, தாய்மார் ஆதரவுக் குழுக்களை வளர்த்தலாகும். அறிஞர் ஏளனஞ் செய்த பேச்சு உலக நிறுவனங்களின் பரிந்துரையாவதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகள் சென்றன.

வேலைத்தலமும் தந்தையும்

இத்தகைய குழுக்கள் ஓய்வுள்ள நடுத்தர வர்க்கத்துப் பெண்களுக்கே உரியன என்ற ஆட்சேபம் நியாயமானது. விடியலில் பெரட்டுக்குச் சென்று மலையேறிக் கொழுந்து கொய்பவள் எந்தக் குழுவில் அமர்வாள்? ஆனால் மலையகத்தில் பிள்ளைக்காம்பரா நெடுங்காலமாக உண்டு. தாயின் உழைப்பைத் தடையின்றிப் பெறவே தோட்ட நிர்வாகம் அதனை அமைத்தது, அன்பினால் அன்று. எனினும், பால் கொடுக்க இறங்கி வந்த தாய்மார் அங்குச் சந்தித்தனர், பேசினர், ஆயம்மாவின் அனுபவத்தைக் கேட்டனர். சுரண்டலின் கருவியாகப் பிறந்த இடத்தையே உழைக்கும் பெண்கள் தம் உறவின் களமாக்கினர். தோட்டத்திற்கு இயன்றது பல்கலைக்கழகத்திற்கு ஏன் இயலவில்லை என நாம் நம்மையே கேட்டல் வேண்டும். மகப்பேற்று விடுப்பு முடிந்து திரும்பும் உதவி விரிவுரையாளர் ஒருவர், தம் பிள்ளைக்கு நூலகத்தின் பின்னறையிலோ மலசலகூடத்திலோ பால் கறந்து வைக்க நேர்ந்தால், அவ்வளாகத்தில் பெண்ணுரிமை பற்றி நடைபெறும் கருத்தரங்குகளின் பெறுமதி யாது?

இனித் தந்தையர். 2018ஆம் ஆண்டுத் திருத்தங்கள் மூன்றாம் பிள்ளைக்கும் 84 நாள் மகப்பேற்று விடுப்பை உறுதிசெய்தன, அது நன்று. ஆயின் அரச ஊழியரான தந்தைக்கு வழங்கப்பட்டு வந்த விடுப்பு மூன்று வேலை நாட்களே. சட்டத்தின் கணக்கில் தந்தைமை மூன்று நாளில் முடிந்துவிடுகின்றது. இவ்வநீதிக்குச் சட்டத்தை மட்டும் குறைகூறுதல் எளிது. கிளினிக்கின் வாயிலில் மோட்டார் சைக்கிளில் அமர்ந்து காத்திருக்கும் ஆடவர் எத்தனை பேர் உள்ளே வர விரும்பினர்? சந்தியில் நின்று உலக அரசியலனைத்தையும் அலசும் நாம், பிள்ளையின் மலம் பச்சையாகப் போவது பற்றி நண்பனிடம் கேட்க நாணுகின்றோம். அந்நாணத்தின் முழுச்சுமையையும் சுமப்பவள் மனைவி.

அச்சுமை சில வேளைகளில் உயிரையும் வாங்கும். மகப்பேற்றின் பின் வரும் உளச்சோர்வைக் கண்டறிய 1987இல் ஸ்கொட்லாந்தில் உருவான பத்து வினாக்கள் இன்று நம் நாட்டிலும் பயன்படுகின்றன. அவை தேவை. ஆனால் பத்து வினாக்களையும் கேட்டு முடித்து மருத்துவமாது சென்ற பின், பதினோராம் வினாவைக் கேட்பவர் யார்? "பிள்ளை எப்படி?" என்று ஊரே கேட்கின்றது. "நீ எப்படி?" என்று கேட்பதற்கு அதே இரவுகளைக் கடந்த இன்னொரு மனிதர் வேண்டும்.

செய்யவேண்டியவை

எமது கோரிக்கைகள் பெரியனவல்ல. கிளினிக் நாட்களில் ஒரு மணி நேரமேனும் வாங்குகள் வட்டமாக இடப்பட்டு, தாய்மாரும் தந்தையரும் பேசவும் மருத்துவமாது அருகிருந்து பிழை களையவும் வழி செய்யப்படல் வேண்டும். சுகாதாரத் துறை பெயரளவில் அமைக்கும் ஆதரவுக் குழுக்கள் கூட்டக் குறிப்பேட்டை நிரப்புவதோடு நின்றுவிடலாகாது. வேலைத்தலங்களிலும் வளாகங்களிலும் பாலூட்டவும் பிள்ளை பராமரிக்கவும் இடம் ஒதுக்கப்படல் வேண்டும். தந்தையின் விடுப்பு உரிமைப் போராட்டங்களின் பட்டியலில் இடம்பெறல் வேண்டும்.

தமிழ்ச் சங்கத்திற்கும் இதில் பணியுண்டு. கலைப்பீடமும் மருத்துவபீடமும் ஒருங்கே கொண்ட பல்கலைக்கழகங்கள் நம்மிடையே உள. வசம்பு, வேது, நாவூறு என வழங்கும் நம்பிக்கைகளையும் நடைமுறைகளையும் தாய்மாரிடம் கேட்டுத் தொகுத்து, கொள்ளத்தக்கன எவை, தள்ளத்தக்கன எவை என மருத்துவ மாணவருடன் கூடி ஆராய்வது, மற்றுமொரு காப்பிய நயவுரையை வெளியிடுவதினும் தமிழுக்குக் குறைந்த தொண்டாகாது.

பெரியாழ்வாரின் பாசுரத்தில், தான் மெலிந்தமையைத் தாய் எந்தப் பெண்ணிடம் முறையிட்டாளோ, அப்பெண் என்ன மறுமொழி கூறினாள் என்பது சொல்லப்படவில்லை. பல நூற்றாண்டுகளாக அப்பாசுரத்தின் நயத்தையே வியந்து நிற்கின்றோம். இனியேனும் அத்தாய்க்கு மறுமொழி கூறுவோமாக.