பக்தியைக் காட்டிப் பங்கை மறைக்காதீர்கள்

சென்ற மாதம் திருப்பதியில் ஒருநாள் பயிலரங்கு ஒன்றுக்குச் சென்றிருந்தேன். வெற்றிபெற்ற இசைத்தொழில் முனைவோரிடமிருந்து இளங்கலைஞர்கள் கற்க வேண்டிய பாடங்கள் என்பது தலைப்பு. வந்திருந்தோரில் பெரும்பாலோர் இசைக்கல்லூரி மாணவர்கள். சித்தூர், புத்தூர், நகரிப் பக்கங்களிலிருந்து வந்த நாதசுரக்காரர்களும் டோலுக்காரர்களும் சிலர். விடாமுயற்சி, நேரந்தவறாமை, தொடர்புவட்டம், நாள்தோறும் ஒரு ரீல், தோல்விக்கு அஞ்சாமை என்று மூன்று மணிநேரம் பாடம் நடந்தது. அந்த மூன்று மணிநேரத்தில் ‘ஒப்பந்தம்’ என்ற சொல் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. ‘உரிமை’ என்ற சொல்லும் ஒலிக்கவில்லை.

அந்த மௌனத்தைப் பற்றியே இப்பதிவு.

அங்கே முதன்மைச் சான்றாகக் காட்டப்பட்டவர் குல்ஷன் குமார். தில்லி தரியாகஞ்சில் பழச்சாறு விற்ற குடும்பத்தில் பிறந்து, 1983இல் டி-சீரிஸைத் தொடங்கி, இந்திய இசைச்சந்தையையே புரட்டிப்போட்டவர். ‘உழைத்தால் உயரலாம்’ என்பதற்கு அவர் வாழ்வை எடுத்துக்காட்டினார்கள். உழைத்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால், அக்காலத்தில் பழச்சாறு விற்ற அனைவருமே உழைத்தவர்கள்தாம். அவர்களிடமிருந்து அவரை வேறுபடுத்தியவற்றுள் தலையாயது சட்டப்புத்தகத்தில் இருந்த ஒரு பிரிவு. முன்பே வெளியான ஒரு பாடலை, அறிவிப்புக் கொடுத்து, உரிமத்தொகை கட்டி, வேறு குரலில் மறுபதிவு செய்து விற்க அன்றைய பதிப்புரிமைச் சட்டம் இடமளித்தது. பழைய திரைப்பாடல்களைப் புதிய குரல்களில் பாடவைத்து மலிவு விலைக் கேசட்டுகளாக அந்நிறுவனம் நாடெங்கும் கொண்டுசேர்த்தது இந்த வாயில் வழியாகத்தான். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பிரிவை மாற்றிக் காத்திருப்புக் காலத்தை ஐந்தாண்டாக்கியது. ஆக, அவர் வாழ்விலிருந்து ஓர் இசைமாணவர் கற்க வேண்டிய முதற்பாடம் சட்டத்தைப் படிப்பது. அதைச் சொல்லாமல் விடியற்காலையில் எழுவதைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அதே நிறுவனத்தின் ஹனுமான் சாலீசாக் காணொளி யூடியூபில் 300 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது. அதில் ஒலிப்பது ஹரிஹரனின் குரல். திரையில் தெரிவது குல்ஷன் குமாரின் முகம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. முதலிட்டவர் தம் முகத்தை வைத்துக்கொண்டார். அது அவர் உரிமை. ஆனால் தொழில்முனைவோரின் பேச்சைக் காட்டிலும் அவர்களின் செயல் நல்லாசிரியர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. குரல் யாருடையதாயினும் ஆகுக, பதிவு தம்முடையதாய் இருக்கவேண்டும் என்பதில் அவர்கள் ஒருநாளும் கண்ணயர்ந்ததில்லை.

தொலைவு போவானேன்? நம் ஊர்க் கதைக்கே வருகிறேன்.

1945இல் வெளிவந்த ‘மீரா’ படத்தில் மீராவாக நடித்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. ராணாவாக நடித்தவர் நம் சித்தூர் வி. நாகய்யா. இராசபுத்திரச் சித்தூரின் அரசனாக ஆந்திரச் சித்தூரின் கலைஞர் நடித்த அழகு ஒருபுறமிருக்க, அவ்விருவரின் பிற்கால வாழ்வு இம்மண்ணின் ஒவ்வோர் இசைமாணவருக்கும் பாடமாக வைக்கத்தக்கது.

நாகய்யா நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர், தயாரிப்பாளர். ‘தியாகய்யா’ (1946) படத்தைத் தாமே தயாரித்து இயக்கி நடித்தார். தென்னிந்தியத் திரையில் மிகுந்த ஊதியம் பெற்றோருள் ஒருவராக விளங்கினார். 1965இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1973 டிசம்பரில் இறந்தபோது கையில் காசில்லை. வாரி வழங்கியதால் வீழ்ந்தார், சொந்தத் தயாரிப்புகளால் வீழ்ந்தார் என்று சொல்வார்கள், இரண்டும் மெய். எனினும் மூன்றாவது காரணமொன்று உண்டு. அவர் பாடிய பாட்டு எங்கே எத்தனை முறை ஒலித்தாலும், பாடியவர் என்ற முறையில் அவருக்கு ஒரு காசும் சேர அன்றைய சட்டத்தில் வழியில்லை. நிகழ்த்துகலைஞருக்கு உரிமையுண்டு என்பதையே இந்தியச் சட்டம் 1994இல்தான் ஏற்றது. 1977இல் உச்சநீதிமன்றம், திரைப்படத்துக்காக ஊதியம் கொடுத்து ஆக்கச்செய்த இசையின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கிலேயே நீதிபதி கிருஷ்ண ஐயர், பாடுபவருக்குச் சட்டம் ஒன்றும் தராததைச் சுட்டிக் குறைபட்டார். நாகய்யா மறைந்து மூன்றாண்டு ஆகியிருந்தது.

எம்.எஸ். வாழ்வில் சதாசிவம் இருந்தார். அவரை நம் காலத்துச் சொல்லில் தொழில்முனைவோர் என்றே அழைக்கலாம். எந்த மேடை, எந்தப் பாட்டு, எந்தப் படம் என்பதனைத்தையும் அவரே முடிவுசெய்தார். 1941இல் ‘கல்கி’ இதழ் தொடங்க முதல் வேண்டியிருந்தபோது, ‘சாவித்திரி’ படத்தில் எம்.எஸ். நாரதராக நடித்த ஊதியமே அந்த முதலாயிற்று. ஒருவரின் குரல் இன்னொரு தொழிலின் மூலதனமானது. அதனால் தமிழுக்கு விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. கல்கியை வாசித்து வளர்ந்த வீட்டில் பிறந்தவன் நான். ஆனால் கணக்கேட்டைப் புரட்டும்போது அதையும் படிக்கவேண்டும். அத்தனை புகழுக்குப் பின்னும் 1970களின் இறுதியில் அத்தம்பதியர் பொருள்நெருக்கடிக்கு உள்ளாயினர். நன்கொடையாகக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள் என்பதை உணர்ந்த திருமலை திருப்பதி தேவஸ்தானம், அன்னமாச்சாரியார் கீர்த்தனைகள் உள்ளிட்ட பாடல்களை இசைத்தட்டுகளாகப் பதியும் பணியை அளித்தது. அப்படிப் பிறந்ததே ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’. இன்று திருப்பதி பூர்ணகும்பம் சந்திப்பில் தம்பூராவுடன் அமர்ந்திருக்கும் எம்.எஸ். சிலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இசைத்தட்டுகள்தாம் நினைவுக்கு வரும். உதவி என்று கொடுத்திருந்தால் செலவாகித் தீர்ந்திருக்கும். பணி என்று கொடுத்ததால் இன்றும் வீடுதோறும் ஒலிக்கிறது.

இந்த இடத்தில் ஒரு குரல் எழும் என்பதை அறிவேன். பயிலரங்கிலேயே எழுந்தது. ‘இது தெய்வீகக் கலை. இதில் பங்கு, உரிமை, சட்டம் என்று பேசுவது பக்திக்குக் குறைவு’ என்றார் ஒரு பெரியவர். அவையினர் கைதட்டினர்.

ஐயா, தங்கள்மீது மதிப்புண்டு. ஆயினும் தாங்கள் சொன்னது வரலாற்றுக்கு முரண். எம்.எஸ். 1963இல் பாடிய வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டின் உரிமத்தொகை தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்குச் சேரும்படி எழுதிவைத்தார்கள் என்பதைப் பக்தர் அனைவரும் போற்றுகிறோம். அந்தக் கொடையின் இலக்கணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். உரிமத்தொகை என ஒன்று தமக்கு வரவேண்டும் என்று முதலில் எழுதி வாங்கியவரே அதைப் பிறருக்கு எழுதிக்கொடுக்க முடியும். தமதல்லாததை யாரும் தானம் செய்ய இயலாது. பக்தி உயர்ந்தது, அந்த உயர்வுக்கு அடியில் கையொப்பமிட்ட ஒரு தாள் இருந்தது.

இன்னும் பின்னே போவோம். தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) முப்பத்திரண்டாயிரம் சங்கீர்த்தனங்கள் இயற்றியதாக மரபு சொல்லும். அவற்றுள் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டவை நமக்குக் கிடைத்தது எப்படி? அவருடைய மகன் பெத்த திருமலாச்சாரியார் காலத்தில், பெரும்பொருள் செலவில், அவை செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலுக்குள் ஓர் அறையில் வைக்கப்பட்டன. அந்த ஏடுகள் 1920களில் வெளிக்கொணரப்பட்டு, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் உழைப்பால் அச்சேறின. தந்தை பாடினார், மகன் ஆவணமாக்கினார். இப்பகுதியின் முதல் இசைத்தொழில் முனைவோர் யார் என்று கேட்டால் பெத்த திருமலாச்சாரியாரின் பெயரைத்தான் சொல்வேன். அவரைவிடப் பக்தியில் குறைந்தவர் என்று நம்மில் யாரேனும் அவரைச் சொல்லத் துணிவோமா?

அந்தச் செப்பேடுகளில் இராகப்பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. அதனால் சாகித்தியம் பிழைத்தது, மெட்டுப் போயிற்று. இன்று நாம் பாடும் அன்னமய்யா மெட்டுகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு இசைவாணர்கள் ஆக்கியவை. நேதுநூரி கிருஷ்ணமூர்த்தியும், 2025 மார்ச்சில் திருப்பதியில் மறைந்த கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாதும் அவர்களுள் முதன்மையானோர். மேடையில் அப்பாடல்களைப் பாடும் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள்: பாடல் யாருடையது என்றால் உடனே விடைவரும், மெட்டு யாருடையது என்றால் பலர் விழிப்பார்கள். எழுதிவைத்தது எஞ்சும். எழுதாதவர் பெயரோடு சேர்ந்து மறைவார்.

மொழியியல் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். நம் வட்டாரத்தில் நிலத்தைப் பற்றிய சொல்வளத்தைப் பாருங்கள்: மேல்வாரம், குடிவாரம், குத்தகை, போகியம், பாத்தியதை. விளைந்ததில் யாருக்கு எத்தனை பங்கு என்பதைச் சொல்லாலேயே பிரித்துவைத்த சமூகம் இது. இசைக்கு வந்தால் என்ன சொல்கிறோம்? சம்பாவனை, சன்மானம், மரியாதை, தெலுங்கில் பாரிதோஷிகம். அத்தனை சொற்களும் கொடுப்பவரின் மனநிறைவையும் மதிப்பையும் குறிப்பவை. பெறுபவரின் உரிமையைக் குறிக்கும் சொல் ஒன்றுமில்லை. பண்டு இக்குறையை மேளக்காரரின் மானியநிலம் ஈடுசெய்தது. ஆண்டுதோறும் விளைச்சல் வந்தது. மானியம் போயிற்று, சொல் மட்டும் நின்றுவிட்டது. தொடர்வருவாய் அற்றுப்போன கலைஞரிடம் இன்றும் ‘மரியாதை செய்துவிட்டோமே’ என்கிறோம்.

என் நண்பர் ஒருவர் நாதசுரக்காரர். தமிழர் வீட்டிலும் தெலுங்கர் வீட்டிலும் ஒருங்கே அழைக்கப்படுபவர். ஒரு திருமணத்தில் அவர் வாசித்த இராக ஆலாபனையைப் படமெடுத்தவர்கள் தங்கள் சேனலில் ஏற்றினர், இலட்சக்கணக்கானோர் பார்த்தனர், விளம்பரமும் ஓடுகிறது. காணொளியில் மணமண்டபத்தின் பெயர் உண்டு, படமெடுத்த நிறுவனத்தின் பெயர் உண்டு, சமையல் ஒப்பந்தக்காரரின் பெயரும் உண்டு. வாசித்தவர் பெயர் இல்லை. கேட்டதற்குக் கிடைத்த விடை: ‘அன்றைக்கே சம்பாவனை கொடுத்தாயிற்றே அண்ணா!’ அவருக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. அவரிடம் அதற்கான சொல் இல்லை. அந்தச் சொல்லைக் கற்றுத்தர வேண்டிய பயிலரங்கு அவரை நாள்தோறும் ரீல் போடச் சொல்கிறது.

1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய இசைத்தட்டுகளின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். தட்டு அழுத்திய வெளிநாட்டுத் தொழிலாளர் முகப்புச்சீட்டில் பெயரைச் சரியாக ஒட்டுவதற்கான ஏற்பாடு அது என்பார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் நம் நாதசுரக்காரருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

இன்றைய சட்டம் நாகய்யா காலத்துச் சட்டமன்று. ஒவ்வோர் இசைமாணவரும் அறியவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1994 திருத்தத்துக்குப் பின், தாளில் எழுதப்படாத இசைக்கும் பதிப்புரிமை உண்டு. வாய்மொழி மரபில் வந்தோருக்கு இது பெருவாயில். நிகழ்த்துகலைஞர் உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். 2012 திருத்தத்தின்படி, நிகழ்ச்சி வணிகத்துக்குப் பயன்படுத்தப்பட்டால் கலைஞருக்கு உரிமத்தொகை பெறும் தகுதி உண்டு. தம் பெயர் சொல்லப்படவேண்டும் என்று கேட்கும் உரிமையும் உண்டு. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகையில் தமக்குரிய சமபங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டாலும் அது செல்லாது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்கவேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். ‘எல்லாக் காலத்துக்கும், எல்லா ஊடகத்துக்கும்’ என்ற வரி ஒப்பந்தத்தில் ஏன் தவறாமல் இடம்பெறுகிறது என்பது இப்போது புரியும்.

முதலிடுபவர் இழப்பையும் தாங்குகிறார் என்பது உண்மை. பதிவறை, விளம்பரம், விற்பனை அனைத்தும் செலவு. அவருக்குப் பெரும்பங்கு சேருவதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பெரும்பங்கு என்பது முழுப்பங்கு ஆகாது. ஏ.ஆர். ரகுமான் பதிப்புரிமையில் பங்கு கேட்டதால் 2007இல் பெரிய இந்திப்படமொன்று கைநழுவியதாகப் பரவலாகச் செய்தி வந்தது. அவரால் இழக்க முடிந்தது. புத்தூர் நாதசுரக்காரரால் முடியாது. ஆகவேதான் தனிமனிதத் துணிவைப் போதிப்பது போதாது என்கிறேன். இசைக்கல்லூரிகள் பாடத்திட்டத்தில் ஒப்பந்தமும் பதிப்புரிமையும் ஒரு தாளாக இடம்பெற வேண்டும். சபாக்களும் கோயில்களும் பதிவுசெய்யும் ஒவ்வொரு கச்சேரிக்கும் தெலுங்கிலும் தமிழிலும் ஒரு பக்க ஒப்பந்தம் தரவேண்டும். பக்கவாத்தியக்காரர் பெயரும் அதில் இருக்கவேண்டும். நாதசுரம், டோலு பயிலும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வழக்குரைஞரும் ஒரு கரும்பலகையும் போதும்.

அடுத்த பயிலரங்குக்கும் செல்வேன். கேள்விநேரத்தில் ஒன்றே கேட்பேன்: மேடையிலிருந்து நீங்கள் புகழும் அந்தத் தொழில்முனைவோர் யாரேனும், கையெழுத்திடாமல் ஒரு பாட்டையேனும் யாருக்கேனும் கொடுத்ததுண்டா?

மாற்றுக்கருத்து உடையோர் எழுதுங்கள், விடையளிக்கிறேன். இசைக்கலைஞரான நண்பர்கள் தாங்கள் கடைசியாகக் கையெழுத்திட்ட தாளை எடுத்து இன்றிரவே ஒருமுறை படித்துப் பாருங்கள். தாளே இல்லையெனில், அதையும் இங்கே எழுதுங்கள்.